பலகையின் சாட்சி

திருவரங்கத்திலே நம் நெடுநாளைய நண்பர் ஒருவர், தம் தந்தையார் 1964-இல் வாங்கிய அம்பாசிடர் காரை இன்றளவும் போற்றி வைத்திருந்தார். அதன் எண்பலகை துருவேறி, வார்ப்பு எழுத்து ஒன்றும் உதிர்ந்திருந்தது. காவிரிப் பாலத்தைக் கடந்து, திருச்சியில் நமக்குப் பழக்கமான பட்டறைக்கு அதனைக் கொண்டு வந்தார். துணைக்கு நாமும் சென்றோம்.

கறுப்பு வண்ணமிட்ட இரும்புத் தகட்டில் அலுமினிய எழுத்துகளை ரிவிட் அடித்துப் பொருத்திய பலகை அது. முதலெழுத்து ‘எம்’, சென்னை மாநிலத்தின் அடையாளம். 1969-இல் மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் பெற்ற பின்னும் பழைய வண்டிகள் அவ்வெழுத்தைச் சுமந்தே ஓடின. இன்று திருச்சி மேற்குக்கு 45, திருவரங்கத்துக்கு 48 என்று எண்களே ஊரைச் சொல்கின்றன. ஐம்பதாண்டு கடந்த வண்டிகள் பழைய எண்ணை வைத்துக்கொள்ள 2021-ஆம் ஆண்டு விதிகள் இடமளித்தமையால், இத்தகைய பலகைகளுக்கு மதிப்பும் கூடியிருக்கிறது.

“காரச்சோடாவில் போட்டால் அலுமினியம் அரித்துவிடும், ஹஜ்ரத்” என்று சொல்லி, பட்டறைக்காரர் எழுத்துகளைக் கழற்றித் தனியே வைத்தார். துருவைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் கறுப்பு எனாமல் இட்டார். இதிலெல்லாம் நமக்கு ஐயமில்லை. துரு மழையின் வேலை. அதைக் காத்து நிற்பது எவர் கடமையும் அன்று.

உதிர்ந்த எழுத்தைப் புதிதாய் வார்த்த பின்னரே சிக்கல் எழுந்தது. “இது மட்டும் பளிச்சென்று தெரிகிறது. சற்றே அமிலத்தில் நனைத்தால் மற்றவற்றோடு ஒத்துப்போகும். முழுதும் அசல் என்றே சொல்லி விற்கலாம்” என்றார். கடனை அடைக்க வண்டியை விற்கும் நிலையிலிருந்த நண்பர் நம் முகத்தைப் பார்த்தார்.

எண் பொய்யன்று, பதிவுப் புத்தகத்தில் உள்ளதே அது. பின் பொய் எங்கே? வயதில். சரக்கின் குறையை மறைத்து விற்பதை ஃபிக்ஹு நூலோர் ‘தத்லீஸ்’ என்பர். அண்ணலார் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளிருந்த ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என வினவியதை மாணவர்க்கு ஆண்டுதோறும் சொல்லி வருகிறோம். எனினும் அன்று நம் நாவு உடனே எழவில்லை.

காரணம் உண்டு. நம் பாட்டனார் எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபு ஒன்றில் பூச்சி அரித்த சொற்களை, இளமையில் நாம் அதே நிற மையில், அவர் கையெழுத்துப் போலவே நிரப்பினோம். ஏடு எடுத்தெழுதும் பழையவர்கள் இட்டுநிரப்பிய சொல்லை ஓரத்தில் குறித்து வைப்பார்கள், நாம் குறிக்கவில்லை. பொருள் சரியாகவே இருக்கக்கூடும். ஆனால் எந்தச் சொல் பாட்டனாருடையது, எது நம்முடையது என்பது இன்று நமக்கே தெரியவில்லை.

இதனைப் பட்டறையில் நின்றபடியே சொன்னோம். நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, அமிலம் வேண்டாம் என்றும், புதிய எழுத்தின் பின்புறத்தில் வார்த்த ஆண்டைக் கீறிவிடும்படியும் கேட்டுக்கொண்டார்.

வாங்க வந்தவரிடம் அந்த எழுத்தைச் சுட்டிக்காட்டியபோது, அவர் விலையில் சிறிது குறைத்தாராம். எவ்வளவு என்று நாம் கேட்கவில்லை.