உடற்காவலும் அடக்கமும்

என்பால் நன்னூல் பாடங்கேட்கும் இளைஞர் ஒருவர், முடக்குவாத நோயால் வருந்துபவர், ஒருநாள் வினவினார்: "ஐயா, என்னுடம்பைக் காக்கும் ஆற்றலே என் மூட்டுக்களைப் பகையெனக் கொண்டு தாக்குகின்றதென மருத்துவர் கூறினர். அழிப்பதனைக் காவலென்றல் பொருந்துமோ?" அன்று விடைகூற இயலாதேன், பின்னர் ஆராய்ந்து தெளிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

காவலாவது பகையை அழிக்கும் வலிமையே என்பர் ஒருசாரார். அவர்க்குச் சான்றாவது உருசிய அறிஞர் மெச்னிகோவ் கண்ட காட்சி. அவர் 1882-இல், சிசிலித் தீவின் மெசீனா நகரில், ஒளி ஊடுருவும் உடம்பினையுடைய நட்சத்திரமீனின் இளவுயிரியுள் நுண்ணிய முட்களைச் செருகினார். மறுநாட் காலையில், அவ்வுடம்பினுள் அலையும் உயிரணுக்கள் முட்களைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. நம் குருதியின் வெள்ளணுக்களுட் சிலவும் இங்ஙனமே கிருமிகளைச் சூழ்ந்து விழுங்குகின்றன. ஆகலின் வலிமை மிகுந்துழிக் காவலும் மிகும் என்பது அவர் கொள்கை.

அற்றன்று. வலிமை ஒன்றே காவலாமாயின், உடம்பு தன்னுறுப்பையே விழுங்கினும் தடுப்பதொன்றில்லை. தனது இது, பிறிது இது என்னும் தெரிப்பு முதற்கண் வேண்டும். மார்பெலும்பின் பின்னே அமைந்த தைமசுச் சுரப்பி அதற்குரிய களம். ஆண்டு முதிரும் காவலணுக்களுள், தன்னுடம்பின் கூறுகளை வலிந்து பற்றுவன மாய்க்கப்படுகின்றன. தேறி வெளிப்படுவன மிகச் சிலவே. அத்தேர்வுக்குத் தப்புவனவும் உள. அவற்றை அடக்குதற்கெனவே வேறோர் அணுவினம் உண்டென்பதை 1995-இல் சப்பானிய அறிஞர் சகாகுச்சி காட்டினார். மரபணு ஒன்று பழுதுற்ற மகவு, தன் காவலாலேயே உறுப்புப் பலவும் தாக்குண்டு நலிதலைப் பிரங்கோ, ராம்சுடெல் என்னும் இருவர் 2001-இல் கண்டனர். அடக்கும் அணுக்கள் உருவாதற்கு அம்மரபணுவே ஏது என்பது 2003-இல் தெளியப்பட்டது. இம்மூவர்க்கும் 2025-இல் மருத்துவத்திற்குரிய நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

அங்ஙனமாயின் அடக்கமே சாலும், வலிமை வேண்டா எனின், அதுவும் ஒவ்வாது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பெற்றார்க்கு உடற்காவலைத் தணிக்கும் மருந்து தருவர். பிறரை வருத்தாத எளிய கிருமியும் அவர்க்கு உயிர்க்கேடு செய்யவல்லதாகும். ஆகவே வலிமையும் தெரிப்பும் அடக்கமும் ஒருங்கு கூடியவழியே காவல் என்னும் பெயர் பொருந்துவதாம்.

இனி, இவ்வடக்கம் உடம்பிற்கு அறமாமோ எனின், ஆகாது. உடம்பு சடம், செம்மையாற் புகழும் பிழையாற் பழியும் அதற்கில்லை. நோய்க்குப் பழவினை ஏதுவென்பார்க்கும், அணுக்களின் செயல் உயிர் இன்று அறிந்து செய்யும் செயலன்று என்பது உடம்பாடே. ஆகலின் அவ்விளைஞர் தம் உடம்பின் பிழையைத் தம் குற்றமாகக் கருதி நாணுதல் வேண்டா.

அறிவுடைய நமக்கோ அவ்விலக்கு இல்லை. யான் இளமையில், நூலைக் காப்பதாக எண்ணி, தடைவினா நிகழ்த்திய மாணாக்கன் ஒருவனைப் பகைவனென்று சினந்து விலக்கினேன். அவன் வினாவியது நல்வினா என்பதைப் பல்லாண்டு கழித்தே உணர்ந்தேன். உடம்பு அறியாது செய்யும் பிழையை யான் அறிவிருந்தும் செய்தேன். இவ்விளைஞரின் வினாவிற்கு உடனே விடை தோன்றாவிடினும், இம்முறை சினவாது கேட்டேன்.