தொடர்பில்லாத உண்மை

வங்கித் தேர்வுக்குப் படிக்கும் தம்பிக்குச் சமனின்மைக் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். க > ச, ட > ச. அப்படியென்றால் க, ட இரண்டில் எது பெரிது?

"சொல்ல முடியாதுண்ணா."

சரியான விடை. இரண்டு தகவலும் உண்மைதான், ஆனால் கேள்வியைத் தொடவில்லை.

1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 54ஆவது பிரிவில் இதே ஒழுங்கைக் கேட்டது. குற்ற வழக்கில் ஒருவரின் கெட்ட நடத்தை தொடர்பில்லாதது. அவர் தரப்பு நன்னடத்தையைச் சாட்சியமாக வைத்தால்தான் அதற்குப் பதிலாக இது உள்ளே வரலாம். 2023இன் புதிய சட்டத்திலும் இந்த விதி இருக்கிறது.

போன வருஷம் வீட்டில் 2,000 ரூபாய் காணோம். தம்பிதான் எடுத்தான் என்று கத்தினேன். சின்ன வயசில் ஒருமுறை எடுத்திருக்கிறான், அது உண்மை. பணம் அரிசி டப்பாவில் இருந்தது.

நான் பொய் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லித்தான் அநியாயம் செய்தேன். அன்றைக்கும் 'சொல்ல முடியாது' என்பதே விடை. எனக்குத்தான் வாய் வரவில்லை.