மொனாக்கோவில் அரச மதமும் அன்றாட வாழ்வும்

மத்தியதரைக் கடலோரத்தில் சுமார் 2 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்த நகர அரசு மொனாக்கோ. அதன் 1962ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆவது பிரிவு கத்தோலிக்கத்தை அரச மதமாக அறிவிக்கிறது. 23ஆவது பிரிவோ வழிபாட்டுச் சுதந்திரத்துக்கு உறுதி தருகிறது. எந்த மதச் சடங்கிலும் பங்கேற்குமாறு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது.

அன்றாட வாழ்வில் மதம் முதலில் நாட்காட்டியில் தெரிகிறது. விண்ணேற்புத் திருவிழா, நற்கருணைப் பெருவிழா, டிசம்பர் 8இல் வரும் அமல உற்பவத் திருநாள் ஆகியவை அரசு விடுமுறைகள். நாட்டின் பாதுகாவலியான புனித தெவோத்தாவின் திருநாள் ஜனவரி 27. கோர்சிகாவில் மறைசாட்சியாக இறந்த அவரது உடல் படகில் இக்கரை சேர்ந்ததாக மரபு சொல்கிறது. திருநாளுக்கு முந்தைய மாலை, அவரது ஆலயத்தின் முன் மரக்கிளைகளுக்கு மேல் நிறுத்திய படகுக்கு அரச குடும்பத்தினர் தீ வைக்கின்றனர். மறுநாள் அவரது திருப்பண்டம் பவனியாகச் செல்கிறது.

மதத்துக்கு அப்பால் நிற்பவரையும் அரச மதம் தொடுமா என்ற கேள்வி சட்டத்தில்தான் கூர்மையடைகிறது. வன்புணர்வு, தாயின் உயிருக்கு ஆபத்து, கருவின் கடும் கோளாறு ஆகிய சூழல்களில் மட்டும் கருக்கலைப்பை 2009ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தது. 2019இல் கருக்கலைப்பு செய்துகொள்ளும் பெண்ணுக்கான தண்டனை நீங்கியது. அனுமதியை விரிவாக்கும் மசோதாவுக்கு 2025இல் நாடாளுமன்றமான தேசிய மன்றம் ஆதரவளித்தும், நாட்டின் அடையாளத்தில் கத்தோலிக்கத்துக்குள்ள இடத்தைச் சுட்டி இளவரசர் இரண்டாம் ஆல்பெர்ட் ஒப்புதல் மறுத்தார். வழிபாட்டில் கட்டாயம் இல்லாத இடத்திலும் சட்டத்தின் வழியாக அரச மதம் அனைவரையும் எட்டுகிறது.