எத்தனை படி?



பாகூர் கொம்யூனில் ஓர் ஊர். சமுதாய நலக்கூடத்துக்குப் பூமி பூஜை முடிந்து, கடைக்காலும் தோண்டியாயிற்று. ஒரு வீட்டுத் திண்ணையில் வரைபடத்தை விரித்து, காற்றுக்குப் பறக்காமல் நாலு மூலையிலும் செங்கல் வைத்திருக்கிறார்கள். பேச்செல்லாம் மேடையைப் பற்றித்தான். மணவறைக்கு அகலம் போதுமா? ஒரு பந்திக்கு நூறு இலை போடலாமா? சமையற்கட்டுக் கழுவுநீர் எங்கே போகும்? கடைசிக் கேள்வியைக் கேட்டது ஒரு பெண் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கோலை ஊன்றிக்கொண்டு ஓர் ஆயா வந்தார்.

"ஏம்பா மேஸ்திரி, எத்தினி படி வைக்கப் போற?"

"மூணு படி ஆயா. ஒன்றரை அடி பேஸ்மட்டம்."

"அப்போ தண்ணி வந்தா?"

யாரும் பதில் பேசவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அது வடியுமுன்பே சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை கரை மீறி, சோரியாங்குப்பம், குருவிநத்தம் பக்கமெல்லாம் வீட்டுக்குள் புகுந்தது. அப்படிப்பட்ட ராத்திரியில் பாயும் பிள்ளையுமாக ஊர் ஓடிப்போய் ஏறுகிற இடம், நாம் கல்யாணத்துக்கென்று கட்டுகிற இதே கூடம்தான்.

மூன்றடி உயர்த்திவிடலாம் என்றார் ஒருவர். அப்போது ஆயாவின் முழங்கால் என்ன ஆகும்? சாய்தளம் வேண்டும். ஓரடி ஏற 12 அடி நீளம் என்பது கணக்கு. மூன்றடிக்கு 36 அடி. முன்பக்கம் பந்தல் போடும் இடத்தை அது விழுங்கிவிடும் என்று இளைஞர்கள் முணுமுணுத்தார்கள். அதுவும் நியாயம்தான். சாய்தளத்தை மடக்கிக் கட்டலாமே என்று மேஸ்திரி தரையில் குச்சியால் கீறிக் காட்டினார்.

இதையெல்லாம் உட்கார்ந்து பேச வேண்டிய பஞ்சாயத்து உறுப்பினர்தான் இல்லை. 38 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2006-ல் புதுவையில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-ல் அதில் தேர்வானவர்களின் காலம் முடிந்தது, அத்தோடு சரி. இதை நினைத்தால் எனக்குக் கீழூர் ஞாபகம் வரும். வில்லியனூர்ப் பக்கத்துச் சின்ன கிராமம். 1954 அக்டோபர் 18 அன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். பிரெஞ்சிந்தியாவின் தலையெழுத்தையே மாற்றியவர்களில் நகராட்சி உறுப்பினர்களும் இருந்தார்கள். இன்று ஒரு கூடத்தின் படியை எண்ணிக் கேட்கக்கூட, கோல் ஊன்றி ஓர் ஆயாதான் வர வேண்டியிருக்கிறது.

திண்ணைக்கு எதிரே கோயில் மதில். வெள்ளம் நின்ற செம்மண் கறை இன்னும் போகவில்லை. ஆயா கோலால் அதைத் தொட்டுக் காட்டினார். டியூப் மட்டத்தின் ஒரு முனையை அங்கே ஒரு பையன் பிடித்துக்கொண்டான். மறுமுனையோடு மேஸ்திரி கடைக்கால் ஓரம் போய், முளைக்குச்சி பக்கத்தில் நின்றார். குழாயில் தண்ணீர் ஏறி இறங்கி, ஆடி, நின்றது. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் குச்சியில் கோடு போட்டார்.

கோடு அவர் முழங்காலைத் தாண்டியிருந்தது.