சில்லின் மேல் அமைந்த வீடு: நகர் நீங்கல் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

நகரத்தை வெறுத்து நாட்டுப்புறத்தை நாடும் விருப்பம் நகரங்களின் தோற்றத்தோடு தோன்றியது எனலாம். ஆயின், ஒவ்வொரு காலமும் அவ்விருப்பத்துக்குத் தனக்கேயுரிய ஒரு வடிவத்தை அளித்து வந்துள்ளது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் அது இன்று ஒரு மோட்டார் வாகனத்தின் வடிவத்தைப் பெற்றுள்ளது. படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, மலசலகூடம் ஆகிய யாவும் உள்ளடங்கிய அவ்வீட்டு வண்டியை ஆர்.வி. என்ற சுருக்கப் பெயரால் அந்நாட்டார் குறிப்பர். நகரிலுள்ள வீட்டை விற்றோ, வாடகை வீட்டைக் கைவிட்டோ இத்தகைய வண்டியொன்றில் ஏறி, பாலைநிலங்களிலும் காட்டோரங்களிலும் ஆண்டு முழுவதும் வாழ்வோர் அங்கு பலராவர். அவர்களைப் பற்றிப் பேசுவோருள் ஒருசாரார், நுகர்வுப் பண்பாட்டைத் துறந்த ஞானியர் என அவர்களைப் போற்றுவர். மற்றொருசாரார், சமூகப் பொறுப்பினின்றும் தப்பியோடுவோர் என இகழ்வர். இவ்விரு முடிபுகளும் அடிப்படையான ஒரு வினாவை எழுப்பாமலே பெறப்பட்டவை. நகரை நீங்கியவன் தானே விட்டுச் சென்றானா, அன்றி விரட்டப்பட்டானா என்பதே அவ்வினா. அதற்கு விடை கண்ட பின்னரே, விட்டுச் சென்றவன் எதனை விட்டுச் செல்லலாம், எதனை விட்டுச் செல்லலாகாது என்னும் அறவியற் பிரச்சினையை ஆராய்தல் இயலும்.

நகர் நீங்குவோர் தம் முன்னோராகக் கொள்ளும் பெயர் ஹென்றி டேவிட் தோறோ என்பதாகும். மசாச்சூசெற்ஸ் மாநிலத்தின் கொன்கோர்ட் ஊரினரான இவர், 1845ஆம் ஆண்டு யூலை 4ஆந் திகதி, வோல்டன் என்னும் குளத்தருகே தாமே கட்டிய சிறுகுடிலிற் குடிபுகுந்தார். பத்தடி அகலமும் பதினைந்தடி நீளமும் கொண்ட அக்குடிலுக்குத் தாம் செலவிட்டது 28 டொலரும் பன்னிரண்டரைச் சதமும் எனத் தமது நூலில் அவர் கணக்குக் காட்டியுள்ளார். மனிதனுக்கு உண்மையில் வேண்டியது எவ்வளவு என்பதை அளந்து பார்த்தலே அவரது நோக்கம். கீதையையும் அக்குளக்கரையிலே அவர் படித்தார். இதனால், இவரை ஒரு துறவியாகக் கொள்ளும் எண்ணம் கீழைத்தேய வாசகனுக்கு எளிதில் எழக்கூடும். அவ்வெண்ணம் முற்றிலும் பொருத்தமானதன்று.

தோறோவின் வரலாற்றில் மூன்று செய்திகள் மனங்கொளத்தக்கன. முதலாவது, அவர் குடியிருந்த நிலம் அவருடையதன்று. நண்பர் எமேர்சனுக்கு உரியது. இரண்டாவது, அவர் ஊரை முற்றாக நீங்கினாரல்லர். அடிக்கடி ஊருக்கு நடந்து சென்று வந்தார். 1846இல், செப்பனிடக் கொடுத்திருந்த சப்பாத்தைப் பெறுவதற்காக ஊருக்குட் சென்ற வேளையிலேயே, தலைவரி செலுத்தாத குற்றத்துக்காகக் கைதாகி ஓர் இரவைச் சிறையிற் கழித்தார். அடிமை முறையைப் பேணுவதும், மெக்சிக்கோமீது போர் தொடுப்பதுமான ஓர் அரசுக்கு வரி கொடுத்தல் தகாது என்பதே அவரது நிலைப்பாடு. அவ்வனுபவத்தினின்றும் பிறந்த கட்டுரையே பிற்காலத்திற் காந்தியடிகளின் கருத்தைக் கவர்ந்தது. குளக்கரைக்குச் சென்றதால் ஊரோடுள்ள அவரது வழக்கு முடிந்துவிடவில்லை என்பது இதனாற் பெறப்படும். விலகி நின்றமை ஊரை நோக்குவதற்கு வேண்டிய தொலைவை அவருக்கு அளித்தது என்பதே பொருத்தமாகும்.

மூன்றாவது செய்தி அதிகம் பேசப்படுவதில்லை. குடிலுக்கு வேண்டிய பலகைகளைத் தோறோ காட்டில் மரமறுத்துப் பெறவில்லை. புகையிரதப் பாதை வேலையில் ஈடுபட்டிருந்த ஜேம்ஸ் கொலின்ஸ் என்னும் ஐரிஷ் தொழிலாளியின் குடிசையை 4 டொலர் 25 சதத்துக்கு வாங்கி, அதனைப் பிரித்தெடுத்தே அவற்றைப் பெற்றார். பேச்சின்படி, மறுநாள் அதிகாலை ஐந்து மணிக்கு அக்குடும்பம் வெளியேற வேண்டியிருந்தது. ஆறு மணியளவில் அவர்களைத் தோறோ வழியிற் சந்தித்தார். அவர்களுடைய உடைமை முழுவதும் ஒரு பெரிய மூட்டையில் அடங்கியிருந்தது. ஒரே காலையில், ஒரே பாதையில், வீடு நீங்கிய இருவர் எதிர்ப்பட்டனர். ஒருவர் கையிற் புத்தகமும் மனத்திற் கேள்வியும் கொண்டு காட்டை நோக்கிச் சென்றார். மற்றவர் குடும்பத்தோடு அடுத்த வேலை இருக்குமிடத்தை நோக்கிச் சென்றார். முன்னவரது நீங்கல் உலக இலக்கியமாயிற்று. பின்னவரது நீங்கல் அவ்விலக்கியத்தின் ஒரு பந்தியோடு முடிந்தது.

அமெரிக்க வீட்டு வண்டியின் வரலாறு முழுவதிலும் இவ்விரு நீங்கல்களும் ஒன்றையொன்று தொடர்ந்தே வந்துள்ளன. 1919இல் புளோரிடா மாநிலத்துத் தம்பா நகரில், மோட்டார் வண்டியிற் கூடாரமடித்துப் பயணஞ் செய்வோர் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். அது இன்பப் பயணம். அடுத்த பதினைந்தாண்டுகளுள் பொருளாதார மந்தமும் புழுதிப் புயலும் தாக்கவே, ஒக்லகோமா முதலிய மாநிலங்களின் உழவர்கள் பழைய லொறிகளிற் பொருட்களையேற்றிக் கலிபோர்னியாவை நோக்கிச் சென்றனர். அது பிழைப்புக்கான பயணம். ஜோன் ஸ்ரெயின்பெக் 1939இல் வெளியிட்ட ‘த கிரேப்ஸ் ஒவ் றாத்’ பின்னதன் கதையாகும். அவரே 1960இல், புகழும் வசதியும் பெற்ற நிலையில், லொறியொன்றின் மேல் அமைத்த சிறு வீட்டிலேறி நாட்டைச் சுற்றி வந்து, 1962இல் ‘ட்றாவல்ஸ் வித் சார்லி’ என்னும் நூலை எழுதினார். இரண்டு நூல்களிலும் வண்டியுண்டு, பாதையுண்டு, ஊர் நீங்கலுமுண்டு. திரும்பிச் செல்ல ஒரு வீடு இரண்டாவதில் மட்டுமே உண்டு.

2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியின் பின்னர் இவ்வேறுபாடு மீண்டும் கூர்மையடைந்தது. வீட்டுக்கடனைக் கட்டவியலாது வீட்டை இழந்தோரும், சேமிப்பு அழிந்த முதியோரும் வண்டிகளிற் குடியேறினர். நெவாடா மாநிலத்தின் எம்பயர் என்னும் சிற்றூர், ஜிப்சம் தொழிற்சாலையொன்றை நம்பியிருந்தது. 2011இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டதும் குடிகள் கலைந்தனர். அவ்வூரின் தபாற் குறியீடும் நீக்கப்பட்டது. ஜெசிக்கா புரூடர் 2017இல் வெளியிட்ட ‘நோமட்லாண்ட்’ என்ற நூல் இத்தகைய மக்களின் வாழ்வை விரிவாகக் கூறுகின்றது. அதனைத் தழுவிய திரைப்படம் 2021இல் ஒஸ்கார் விருது பெற்றது. இளைப்பாற வேண்டிய வயதினர் பலர், இலையுதிர் காலத்திற் சீனிக்கிழங்கு அறுவடைக்கும், கோடையில் முகாம்களின் மேற்பார்வைக்கும், பண்டிகைக் காலத்தில் அமேசன் நிறுவனத்தின் பண்டகசாலைகளுக்கும் வண்டியோட்டிச் சென்று உழைத்ததை அந்நூலிற் காணலாம். இவ்வாறு வண்டியில் வாழ்வோரை வேலைக்கமர்த்துவதற்கென்றே அந்நிறுவனம் நடத்திய தனித்திட்டம் பின்னர் நிறுத்தப்பட்டது.

ஏங்கெல்ஸ் 1872இல் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதியபோது, தொழிலாளி சொந்தக் குடிசையொன்றோடு பிணைக்கப்படுதல் அவனை முதலாளியிடம் மேலும் அடிமையாக்கும் என வாதித்தார். நகர முடியாதவன் குறைந்த கூலிக்கும் இணங்குவான் என்பது அவர் கண்ட உண்மை. அவ்வாறாயின், வீட்டையே சில்லின் மேல் ஏற்றியவன் விடுதலையடைந்தவனாதல் வேண்டும். நடைமுறை வேறாயிற்று. வீடு நகரத் தொடங்கியதும், தொழிலாளிக்கு வீடோ, ஊரோ, ஆண்டு முழுவதற்குமான வேலையோ அளிக்க வேண்டிய பொறுப்பிலிருந்து விடுதலை பெற்றது மூலதனமே. முன்னர் தொழிற்சாலை இருந்த இடத்தில் ஊர் வளர்ந்தது. இப்பொழுது மூன்று மாத வேலை இருக்குமிடத்துக்குத் தொழிலாளியே தன் வீட்டையும் ஓட்டிச் செல்கிறான். நகரும் உரிமை வேறு, நகர வேண்டிய நிர்ப்பந்தம் வேறு என்பது இதனாற் புலனாகும்.

எனினும், இத்துடன் ஆராய்ச்சியை முடித்தல் நேர்மையாகாது. விரட்டப்பட்டோருட் பலர் தம்மை விரட்டப்பட்டோராகக் கூறுவதில்லை. தாம் வீடற்றோர் அல்லர், வீட்டுச்சுமை அற்றோர் என்பதே அவர்களுள் பலரின் கூற்று. அரிசோனாவின் குவாட்சைற் பாலைநிலத்தில் ஒவ்வொரு மாரியிலும் ஆயிரக்கணக்கான வண்டிகள் கூடுகின்றன. அங்கு அயலவரின் பழுதுற்ற வண்டியைச் செப்பனிடுவதும், சூரிய மின்தகடு பொருத்தப் பயிற்றுவதும், இரவில் நெருப்பைச் சுற்றியமர்ந்து உரையாடுவதும் உண்டு. வாடகைக்காகவே உழைத்துத் தேய்ந்தவர்கள் ஆண்டுகள் பலவற்றின் பின் வானத்தைப் பார்க்கின்றனர். இம்மகிழ்ச்சியை வெறும் மயக்கம் என ஒதுக்குவது, துன்பப்படுவோரின் அனுபவத்தை அவர்களினும் தான் நன்கறிவதாகக் கருதும் செருக்காகும். நிர்ப்பந்தத்தால் தொடங்கிய வாழ்விலும் மனிதன் தன் மாண்பைக் கண்டடைதல் கூடும். ஆயினும், அவன் கண்டடைந்த மாண்பு அவனை விரட்டியவரின் குற்றத்தைக் கழுவுவதாகாது. சிறையில் ஒருவன் ஞானம் பெற்றான் என்பதற்காகச் சிறையிட்டமை நீதியாகிவிடுவதில்லை.

இனி, தானே விரும்பி நீங்கியவனின் நிலையை நோக்குதல் வேண்டும். வேலைக்கு அலுவலகம் செல்ல வேண்டாத இளந்தொழிலர் பலர், 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின்னர் இவ்வழியிற் சென்றுள்ளனர். எவரையும் சாராது வாழ்கிறோம் என்பது அவர்களது பெருமிதம். இப்பெருமிதத்தைச் சோதிப்பதற்கு வண்டியின் அடிப்பகுதியைப் பார்த்தலே போதுமானது. அங்கே பொதுவாக மூன்று தொட்டிகள் உள. ஒன்று நன்னீருக்குரியது, மற்றொன்று குளித்த நீருக்கும் பாத்திரங் கழுவிய நீருக்கும் உரியது, மூன்றாவது மலக்கழிவுக்குரியது. முதலாவது வெறுமையாகும்போதும், ஏனையவை நிரம்பும்போதும் வண்டிக்காரன் மனிதர் வாழும் இடத்தைத் தேடிச் செல்ல வேண்டியவனாகிறான். யாரோ தோண்டிய கிணறும், யாரோ கட்டிய கழிவகற்று நிலையமுமின்றி அவனது சுதந்திரம் சில வாரங்களும் நீடியாது. அவன் ஓடும் பெருந்தெருக்கள் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரிப்பணத்தால் அமைந்தவை. அவனது எரிபொருளோ மேலும் தொலைவிலிருந்தும் வருவதுண்டு. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயைத் தடைசெய்தபோது அமெரிக்காவின் வீட்டு வண்டித் தொழிலே தளர்ந்துபோனமை இதற்குச் சான்றாகும்.

இதனால் அவ்வாழ்வு பொய்யானது என்பதில்லை. நகரவாசியும் இவ்வாறே பிறரைச் சார்ந்து வாழ்கிறான். ஆனால் அதனை அறியாது வாழ்கிறான். குழாயைத் திறந்தால் நீர் வருகிறது; விசையை அழுத்தினாற் கழிவு மறைகிறது. வண்டிக்காரனோ ஒவ்வொரு குவளை நீரையும் எண்ணுகிறான். தன் கழிவைத் தன் கையாலேயே அகற்றுகிறான். மின்கலத்தில் எஞ்சியிருப்பது எவ்வளவு என்பதை அறிந்தே இரவில் விளக்கேற்றுகிறான். ஆகவே, நகர் நீங்கலின் உண்மையான பயன் பிறரைச் சாராமையன்று. யாரை, எவ்வளவு சார்ந்திருக்கிறோம் என்பதை அறிதலே. அவ்வறிவு நன்றியுணர்வாகவும் கடமையுணர்வாகவும் மாறுமாயின் அது பெரும்பேறாகும். செருக்காக மாறுமாயின் வண்டி ஒரு விளையாட்டுப் பொருளே.

கடமை என்னும்போது குடியுரிமை பற்றிய பிரச்சினையும் எழுகின்றது. நிலையான முகவரி இல்லாதவன் எந்த ஊரின் குடிமகன்? முழுநேரமும் வண்டியில் வாழ்வோர் பலர், ஓரிரவு தங்கிய பற்றுச்சீட்டைக் காட்டித் தெற்கு டக்கோட்டா மாநிலத்திற் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்று, தபால்களைக் கையேற்கும் நிலையமொன்றின் முகவரியைத் தமதாக்கிக் கொண்டுள்ளனர். அம்மாநிலம் வருமான வரி விதிக்காமையும் ஒரு கவர்ச்சியாகும். இங்கு தோறோவுக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகும். தோறோ வரி மறுத்தது அநீதியொன்றை எதிர்ப்பதற்காக. அதன் விளைவை ஏற்றுச் சிறையும் சென்றார். வரியில்லா முகவரியைத் தேடுவது சட்டப்படி குற்றமன்று. ஆயினும், தான் பயின்ற பாடசாலையும் தன் முதிய பெற்றோர் நாடும் மருத்துவமனையும் பழைய ஊரிலேயே இருக்கின்றன என்பதை மறந்து அதனைத் தேடுவோன், தோறோவின் பெயரைக் கூறுதற்குத் தகுதியுடையவனல்லன்.

சட்டமும் இருவரை இருவிதமாகவே நோக்குகின்றது. பொது நிலங்களில் ஓரிடத்திற் பொதுவாக 14 நாட்கள் வரை வண்டியை நிறுத்தித் தங்கலாம். அவ்வாறு தங்குவோன் உல்லாசப் பயணி எனப்படுவான். நகர வீதியின் ஓரத்திலே, வேலைத்தலத்துக்கு அருகிலென்று பழைய வண்டியொன்றில் உறங்குவோனைப் பல நகரங்கள் அபராதத்தாலும், வண்டியை இழுத்துச் செல்லுதலாலும் துரத்துகின்றன. பொதுவிடத்தில் முகாமிட்டு உறங்குவதைத் தண்டிக்கும் சட்டங்கள் அரசியலமைப்பு விலக்கும் கொடிய தண்டனையாகா என 2024இல் அந்நாட்டின் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, நீங்கியவனிடம் மட்டும் கடமையை எதிர்பார்த்தல் நீதியன்று. தன்னிடம் உழைப்போன் தலைசாய்க்க ஓரிடம் அளிக்கவியலாத நகரம், அவன் தன்னை விட்டகன்றான் எனக் குறைகூறும் உரிமையை இழந்துவிடுகிறது.

இவ்வாற்றால், நகர் நீங்கலை மதிப்பிடுதற்கு இரு வினாக்கள் இன்றியமையாதன எனலாம். நீங்கியவனுக்கு அங்கேயே இருத்தல் இயன்றிருந்ததா என்பது ஒன்று. இயன்றிராதாயின், அறக்கடன் அவனுடையதன்று. அவனை இருக்கவிடாத சமூகத்தினுடையது. இயன்றிருந்ததாயின், விட்டுவந்தோருக்கு அவன் இன்னும் மறுமொழி கூறக் கடமைப்பட்டவனாகத் தன்னை உணர்கின்றானா என்பது மற்றொன்று. பொருளைத் துறத்தல் நன்று. இரைச்சலைத் துறத்தலும் நன்று. தன்னாற் பயனடைந்தோரையன்றித் தனக்குப் பயனளித்தோரையும் துறத்தல் துறவாகாது; கடனைத் தீர்க்காது ஊர்மாறுதலே அது. தோறோ இரண்டாண்டுகளும் இரு மாதங்களும் கழிந்தபின், 1847 செப்ரெம்பரில் ஊருக்குத் திரும்பினார். தாம் கற்றதை ஊரவர்க்கு உரைத்தார். அடிமைகளாயிருந்து தப்பி வந்தோர்க்குப் பின்னாளில் உதவினார்.

ஜேம்ஸ் கொலின்ஸின் குடும்பம் அன்று காலை எங்கே சென்றது என்பதை வோல்டன் நூல் கூறவில்லை. காட்டை நோக்கிச் செல்வோன் வழியில் எதிர்ப்படும் அம்மூட்டையைக் கண்டு ஒருகணம் நின்று, தன் குடிலின் பலகைகள் எங்கிருந்து வந்தன என எண்ணுவானாயின், அவனது பயணம் அறத்தின்பாற்பட்டதாகும்.