பக்கத்து வீட்டு விலையும் நம் மனச்சாட்சியும்



இந்நாட்களிலே ஜெபத்துக்கு வருகிறவர்களில் அநேகர், "பாஸ்டர், சொந்த வீட்டுக்காக ஜெபியுங்கள்" என்று கேட்கிறார்கள். சந்தோஷந்தான். ஆனால் வீடு வாங்கும்போது எழும்பும் ஒரு கேள்வியை நாம் மேடையில் பேசுவதில்லை. பக்கத்து வீடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் விலை பேசுகிறோம். அந்த ஒப்பிடுதல் எதுவரை நியாயம்? எங்கே அது பாவமாகிறது?

நம் சபைச் சகோதரர் ஒருவர் மேற்கு தாம்பரம் பக்கத்தில் ஒரு பழைய வீடு பார்த்தார். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை. முப்பது வருஷத்துக் கட்டடம், தரைத்தளம் மட்டும். இரண்டு பக்கமும் மாடி வீடுகள். நடுவிலே இது கூனிப்போய் நிற்கிறது. விற்கிறவர்கள் புருஷனை இழந்த ஒரு வயதான அம்மா. கேட்ட விலை 45 லட்சம். அதே தெருவில் அதே அளவு காலி மனை ஆறு மாதத்துக்கு முன்பு 60 லட்சத்துக்குப் போயிருக்கிறது. அது சகோதரருக்குத் தெரியும். அந்த அம்மாவுக்குத் தெரியாது. "பாஸ்டர், இது கர்த்தர் திறந்த வாசல்தானே?" என்று என்னிடம் கேட்டார்.

ஒப்பிடுவது தப்பல்ல. ஒன்றையும் விசாரிக்காமல் பணத்தைக் கொடுப்பதற்கு விசுவாசம் என்று பேர் வைக்க முடியாது. ஆனால் ஒப்பிடுவதைச் சரியாகச் செய்ய வேண்டும். கட்டடம் வருஷா வருஷம் தேய்கிறது, நிலம் தேய்வதில்லை. ஆகவே மண்ணை மண்ணோடும், கட்டடத்தைக் கட்டடத்தோடும் ஒப்பிட வேண்டும். ரோடு மேல் ரோடு போட்டுத் தெரு உயர்ந்து, வீட்டுத் தரை பள்ளமாகிவிட்டதா? 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் மறக்கவில்லை. மேடேற்றிக் கட்டிய புது வீடுகளுக்கு நடுவே பழைய வீட்டுக்குள்தான் தண்ணீர் முதலில் வரும். கூரையில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்திருக்கிறதா? ஒயரிங், செப்டிக் டேங்க் எப்படி? தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் எல்லாம் சரியா? உள்ள குறையை உள்ளபடி சொல்லி, அதற்கு ஆகும் செலவைக் கழிக்கக் கேட்பது நியாயமான பேரம்.

இல்லாத குறையைச் சொல்லுவது வேறு. வாங்கும்போது மட்டம், மட்டம் என்று பழித்துவிட்டு, அப்புறம் போய்ப் பெருமையடித்துக்கொள்ளுகிறவனை நீதிமொழிகள் 20-ம் அதிகாரம் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டது.

"நான் பொய் சொல்லலியே பாஸ்டர், சும்மாதானே இருந்தேன்? அவங்களாத்தானே 45 கேட்டாங்க?" என்றார் சகோதரர். இதுதான் சிக்கலான இடம். விலை தெரிந்த ஒரு புரோக்கரோடு பேரம் பேசுவது வேறு, தெரியாத விதவையிடம் மௌனமாயிருப்பது வேறு. உங்கள் சொந்தத் தாயார் வீடு விற்கும்போது வாங்குகிறவன் இப்படி மௌனமாயிருந்தால், அதை நல்ல பேரம் என்பீர்களா? பிறனுக்குரியவைகளை இச்சிக்கக்கூடாது என்னும் கற்பனை யாத்திராகமத்தில் பிறனுடைய வீட்டைத்தான் முதலாவது சொல்லுகிறது. ஆசை வந்துவிட்டால், அடுத்தவரின் அறியாமை நமக்குத் திறந்த வாசலாகத் தெரியும்.

ஆபிரகாமைப் பாருங்கள். சாராளை அடக்கம்பண்ண மக்பேலா நிலத்தைக் கேட்டபோது, எப்பெரோன் சும்மாவே தருகிறேன் என்றான். ஆபிரகாமோ ஊரார் முன்னிலையில் 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தான். முழு விலையும் கொடுத்தான். எல்லாருக்கும் தெரியக் கொடுத்தான்.

எல்லாருக்கும் தெரிய என்றதை விசேஷமாய்க் கவனியுங்கள். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்து லட்சத்தை மறைத்து எழுதினால் 90,000 ரூபாய் மிச்சமாகலாம். ஆனால் நாளைக்கு அதே தெருவில் விலை விசாரிக்கிறவன் உங்கள் பத்திரத்தைத்தான் அளவாகப் பிடிப்பான். அவன் கையிலே நீங்கள் கள்ளத்தராசைக் கொடுத்துவிட்டீர்கள். விற்கத் தெரியாத இன்னொரு விதவை அதிலே நிறுக்கப்படுவாள். நிலம், வீடு வியாபாரத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்று 2015 ஜூன் முதல் சட்டமும் சொல்லுகிறது.

அந்தச் சகோதரர் போய் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொன்னார். அவர்கள் மகன் வந்தார். ரிப்பேர் செலவெல்லாம் கழித்து 55 லட்சம் என்று முடிவு சொன்னார். பேங்க் லோன், நகை எல்லாம் சேர்த்தும் சகோதரருக்கு 48-க்கு மேல் எட்டவில்லை. வீடு வேறொருவருக்குப் போய்விட்டது. அவர்கள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள்.

அவருடைய மனைவி ஒரு நாள் என்னிடம், "உண்மை பேசினதால எங்களுக்கு என்ன பாஸ்டர் கிடைச்சுது?" என்று கேட்டார்கள். இதைவிட நல்ல வீடு வரும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை; அது எனக்குத் தெரியாது. "அம்மா, 45-க்கு அந்த வீடு கிடைச்சிருந்தா, மீதி பத்து லட்சத்தை யார் கொடுத்திருப்பாங்க? அந்தப் பெரியம்மாதான், தனக்கே தெரியாம" என்றேன். கொஞ்சநேரம் பேசாமலிருந்தார்கள். பிறகு, "அதை வாங்கிட்டு அந்த வீட்டுல எப்படி பாஸ்டர் ஜெபம் பண்றது?" என்றார்கள்.

பிரியமானவர்களே, வீடு பார்க்கப் போகும்போது டேப் கொண்டுபோங்கள், மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போங்கள், பக்கத்து விலையை நன்றாக விசாரியுங்கள். விசாரித்ததை விற்கிறவருக்கு முன்பாகவும் வையுங்கள். அதற்கப்புறமும் கிடைக்கிற வீடு, சின்னதானாலும், உங்களுடையது.

கர்த்தர் தாமே உங்கள் வாசலையும் உங்கள் மனச்சாட்சியையும் காத்துக்கொள்வாராக. ஆமென்.