ஆட்காட்டியும் அறமும்

சொறிக்கல்முனையைச் சூழ்ந்த வயல்வெளிகளில், கச்சான் காற்று வீசும் கோடை மாதங்களில் நடப்போரை முதலில் எதிர்கொள்வது ஆட்காட்டியின் கூவலாகும். ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பதால் அதற்கு அப்பெயர் வாய்த்தது. வெறுந்தரையிலுள்ள சிறு குழிவில் மண்ணிற முட்டைகளை இட்டு, ஏறத்தாழ நான்கு வாரம் அடைகாக்கும் அப்பறவைக்குத் தன் குரலே வேலி. கண்ட பறவைகளைப் பிறர்க்கு அறிவிக்கும் பறவை நோக்குநரும் ஒருவகையில் ஆட்காட்டிகளே. எனினும், அது கூட்டின் பொருட்டு மனிதனைக் காட்டுகின்றது. இவர்களோ மனிதரின் பொருட்டுக் கூட்டைக் காட்டுகின்றனர். கண்ட உண்மை முழுவதையும் யாவர்க்கும் கூறுதல் அறமாகுமா என்னும் வினா இங்கே எழுகின்றது.

கூறுதலே கடன் என்போரின் வாதம் வலுவுடையது. ஒருவர் கண்டது அவரது குறிப்பேட்டோடு நின்றுவிடின் பொது அறிவாகாது. பலர் கண்டவை ஒப்புநோக்கப்படும்போதே அது உருவாகின்றது. 1976 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து தோன்றிய இலங்கைக் களப் பறவையியல் குழு இத்தகைய கூட்டுமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகும். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் அனுமன் உப்புக்கொத்தி, பரந்த இனமொன்றின் கிளையாக நெடுங்காலம் கருதப்பட்டபின், 2023 இல் தனியினமென மீள நிறுவப்பட்டதும் ஒப்புநோக்கலின் பயனே. அன்றியும், எவரும் அறியாத கூடு அழியுமாயின், அது அழிந்ததையும் எவரும் அறியார்.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. வட அத்திலாந்திக்கில் வாழ்ந்த பறக்கவியலாக் கடற்பறவையான பெரிய ஓக்கு அருகியபோது, சேகரிப்போரிடையே அதன் விலை ஏறிற்று. அறியப்பட்ட இறுதி இணை 1844 இல் ஐசுலாந்தை அடுத்த எல்டே தீவில் கொல்லப்பட்டது. அரியது எனும் செய்தியே அதற்குக் கூற்றாயிற்று. இன்று துப்பாக்கியின் இடத்தில் ஒளிப்படக் கருவி இருக்கலாம். ஆனால் கூட்டைச் சூழ்ந்து கூட்டம் நிற்கும்போது தாய்ப்பறவை விலகிப்போக, கோடை வெயிலில் முட்டை வெந்துபோகும். அறிந்த மகிழ்ச்சி நமக்கு. அதற்கான விலை பறவைக்கு. விலை கொடுப்பதோ அதற்கு இசைவளிக்கவியலாத உயிர்.

ஆகவே மௌனமே அறம் எனலாமோ? அன்று. பொய்யுரைத்தல் வேறு, உரிய காலம்வரை உரையாதிருத்தல் வேறு. வள்ளுவர் வாய்மையைத் தீங்கு விளைக்காத சொல்லாகவே வரையறுத்தார். கோர்னெல் பறவையியல் ஆய்வகமும் ஒடுபன் சங்கமும் 2002 இல் தொடக்கிய ஈபேர்ட் தரவகத்தில், இடருக்குள்ளாகக்கூடிய சில இனங்களின் துல்லியமான இடம் பொதுப்பார்வைக்கு மறைக்கப்படுகின்றது, பதிவோ அழிக்கப்படுவதில்லை. இனத்தையும் எண்ணிக்கையையும் உடனே கூறலாம். கூட்டின் இடத்தைக் காப்போர்க்கு மட்டும் கூறலாம். குஞ்சுகள் பறந்தபின் யாவர்க்கும் கூறலாம்.

கல்முனைக் கரையோர முஸ்லிம் மக்களின் வழக்கிலே அமானிதம் என்றொரு சொல் உண்டு. நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள் என்பது அதன் கருத்து. அதனை வைத்திருப்பவர் காவலரேயன்றி உடையவரல்லர். கூட்டைக் கண்டவரின் நிலையும் அதுவே. கண்டதனால் அது அவருக்கு உரிமையாகிவிடாது, பொறுப்பே ஆகும். தம் சொல்லால் யாருக்கு நலம், யாருக்குக் கேடு என முதலில் வினவுபவரே அப்பொறுப்பை உணர்ந்தவராவர்.